மரமறுக்கும் ராஜாங்கமும் இருபது நிமிடமும்

ராஜாங்கத்தைப் பற்றி நல்லபடியாகத் தொடங்கவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. முடியாது. அவன் பெண்டாட்டி பெரியநாயகியின் இடது காது அவன் கையால்தான் போனது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நானும் அவனுக்கு உடந்தை ஆகிவிடுவேன்.

நைனார்பாளையத்துக்கும் சின்னசேலத்துக்கும் நடுவில் ஒரு சிற்றூர் அவனுக்கு. மரம் அறுப்பது தொழில். இரண்டு ஆள் எதிரெதிரே நின்று இழுக்கிற ஆறடி ரம்பம் வைத்திருந்தான். ஒரு முனையில் அவன், மறுமுனையில் காலனியைச் சேர்ந்த பொன்னுரங்கம். பதினைந்து வருடமாக அதே இரண்டு பேர். ராஜாங்கம் ஆறடி உயரம், உள்ளங்கை முறம் மாதிரி. அந்தக் கை மரத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் வம்பில்லை. சந்தையில் ஒருவனின் பல், கோயில் வாசலில் ஒருவனின் தோள்பட்டை, பொன்னுரங்கத்தின் முதுகு பல தடவை. வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். கை பேசியபிறகு வாய்க்கு என்ன வேலை என்று இருந்துவிடுவான்.

எண்பத்தேழாம் வருடம் மாசி மாதம் ஒரு மத்தியானம். வேலைக்குப் போன இடத்தில் ரம்பப் பல் ஆணியில் மாட்டி உடைந்த ஆத்திரத்தோடு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான். பெரியநாயகி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கைய கழுவிட்டு உக்காரக் கூடாதா?"

கழுவாத அந்தக் கை அப்படியே போய் அவள் காதில் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து தோளில் இறங்கியது. மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். நான்காம் நாள் தானே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். செவிப்பறை கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார்கள். அவள் ஊருக்குத் திரும்பவில்லை. தூரத்து உறவில் ஓர் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, அங்கே ஒரு டெலிபோன் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தாள்.

பங்குனி கடைசியில் அவளை இழுத்துக்கொண்டு வரப் போனான் ராஜாங்கம். ஆபீஸ் வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, உடம்பைத் திருப்பி, வலது காது அவன் பக்கம் இருக்கும்படி நின்றாள். அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது. கேட்கிற காதை அவன் பக்கம் வைத்திருந்தால்தானே அவன் கை வருவது தெரியும்.

"வூட்டுக்கு வா."

"வரல."

முடியைப் பிடித்துவிட்டான். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். கமலா, அந்த ஆபீசில் ஆபரேட்டர். இருபத்தொன்பது வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடி. ராஜாங்கம் தும்மினால் பறந்துவிடுவாள் போலிருந்தாள்.

"தலைய வுடுங்க மொதல்ல."

"எம் பொண்டாட்டி. நீ எதுக்கும்மா குறுக்க வர?"

"இருக்கட்டும்ங்க. வுடுங்க."

விட்டான். ஏன் விட்டான் என்று அவனுக்கே விளங்கவில்லை. பெரியநாயகி முடியை அள்ளிச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நான் வரமாட்டன்னு சொல்லல. இந்தம்மா கண்ண மூடி உக்கார ஒண்ணு கத்துக்குடுக்கறாங்க. காது போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதக் கத்துக்கினு இப்பதான் தூங்கறன். நீயும் கத்துக்கோ. காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. ஒரு வேளகூட வுடக்கூடாது. வர பொங்கல் வரைக்கும் யார் மேலயும் கைய வைக்கக் கூடாது. அப்ப வரன். நடுவுல ஒருத்தர ஒரு அடி அடிச்சேன்னு காதுல வுழுந்துச்சோ, என்ன மறந்துடு. இன்னும் ஒரு காது எனக்கு இருக்குது."

அவன் அவளை அடிக்காமல் ஊர் திரும்பியது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். வீட்டில் அடுப்பு பூனை படுக்கிற இடமாகிவிட்டிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் தனியாகப் பொங்கித் தின்பது இரண்டே வாரத்தில் அவனை ஒடித்துவிட்டது. அதைவிட, அவளில்லாமல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. அவளை அவனுக்குப் பிடிக்கும். அதைச் சொல்ல ஒரு வாய் இருந்தும் கையை வைத்துக்கொண்டு சொன்ன மடையன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கமலா வீட்டு மாடிக்குப் போனான். பழம், பூ, புது வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கைக்குட்டைக்கு அவன் ஊரில் எங்கே போவது. நான்கு முழத் துண்டு ஒன்று புதிதாக வாங்கிப்போனான். கமலா சிரித்துவிட்டு அதையே வாங்கிக் குருவின் படத்தின்முன் மடித்து வைத்தாள். வேத காலத்திலிருந்து குருவுக்குக் குரு கைமாறி வந்த முறை என்று சொல்லி, அந்தக் குருமார்களுக்குச் சமஸ்கிருதத்தில் பூசை செய்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு அவனைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னாள். அவனையும் சொல்லச் சொன்னாள். இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக, உதடு அசையாமல், பிறகு கண்ணை மூடி மனசுக்குள். அந்தச் சொல் என்ன என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்தாள், அவன் சாகும்வரை சொல்லவில்லை.

"அவ்ளோதாங்க. இருவது நிமிஷம். சம்மணம் போட்டுத்தான் உக்காரணும்னு இல்ல. மனச அடக்க வாணாம். நெனப்பு வந்தா வரட்டும். மந்திரம் மறந்துபோச்சின்னு தெரிஞ்சா, மெள்ள அதுக்கிட்ட திரும்பி வாங்க. சிரமப்படாதீங்க. முடிஞ்சதும் சட்டுனு எழுந்திருக்காதீங்க. ரெண்டு நிமிஷம் கண்ண மூடியே இருந்துட்டு அப்புறம் தெறங்க."

சிரமப்படாதே என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பெரியநாயகி விட்டுப்போன டைம்பீஸை எதிரே வைத்துக்கொண்டு காலையும் மாலையும் உட்கார்ந்தான். புளியமரத்தை எப்படிச் சாய்ப்பானோ அப்படித்தான் மந்திரத்தையும் சொன்னான். வேறு நினைப்பு வந்தால் அதைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். நெற்றி நரம்பு புடைத்தது. பத்து நாளில் தலைவலி மண்டையைப் பிளந்தது. பதினோராம் நாள் மாடிக்குப் போய்க் கத்தினான்.

"இன்னாம்மா வேல இது. மண்ட ரெண்டா பொளக்குது. எவ்ளோ முக்கியும் நிக்க மாட்டேங்குது."

"முக்காதீங்கன்னுதான சொன்னன்."

"முக்காம ஒரு வேல ஒலகத்துல உண்டா?"

கமலா படித்த பெண்தான், வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கிப் பயின்றவள்தான். மரம் அறுக்கிறவனுக்குச் சொல்லும் பாஷை அவளிடம் இல்லை. அவன் சுவரில் ஒரு குத்து விட்டான். காரை உதிர்ந்தது. சுவரை அடித்தது பெரியநாயகி சொன்ன கணக்கில் வருமா என்று பயந்துகொண்டே படி இறங்கினான்.

முக்காத வேலை உண்டா என்ற கேள்விக்கு விடை கல்வராயன் மலையடியில் கிடைத்தது. கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டா நிலத்தில் கிழட்டுப் பலாமரம் ஒன்றை அறுக்கப் போயிருந்தார்கள். வெயில், தலைவலி, பால் கசிந்து பிசுபிசுக்கிற மரம். பாதி அறுப்பில் ரம்பம் மாட்டிக்கொண்டது. ராஜாங்கம் இழுத்தான், தள்ளினான், மறுபடி தள்ளினான். தகடு வளைந்து முறுக்கியது. அடுத்து பொன்னுரங்கத்தின் மேல் கை விழவேண்டிய நேரம். பொன்னுரங்கமும் அதை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டான். ஆனாலும் தினம் பத்துத் தடவை சொல்வதை அன்றைக்கும் சொன்னான்.

"தள்ளாதீங்க மேஸ்திரி. இழுக்கறதோட உங்க வேல முடிஞ்சிது. வுடுங்க. நான் இழுத்துக்கறன்."

இரண்டு ஆள் ரம்பத்தில் அதுதான் தொழிலே. உன் பக்கம் இழு, பிறகு பிடியை இளக்கி விட்டுவிடு. அது எதிராளியிடம் போகும், தானாகத் திரும்பி வரும். தள்ளினால் தகடு வளையும். பதினைந்து வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்ததை ராஜாங்கம் அன்றைக்குத்தான் கேட்டான். தூக்கிய கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பொன்னுரங்கம் மண்ணெண்ணெய் தொட்டுத் தகட்டைத் துடைத்து, ஆப்பு அடித்து, ரம்பத்தை விடுவித்தான். சாயங்காலம் அந்த மரத்தூள் குவியலின் பக்கத்திலேயே கண்ணை மூடினான் ராஜாங்கம். மந்திரம் வந்தது. விட்டான். போனது. எங்கே போனது என்று தேடவில்லை. திரும்ப வந்தது. எப்போது இருபது நிமிடம் ஆனது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பொன்னுரங்கம் பீடியோடு முறைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மேஸ்திரி, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

ராஜாங்கம் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

அவன் சாது ஆகிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்திரம் வரும். கழுத்து சிவக்கும். கெட்ட வார்த்தை கொட்டும். ஆனால் ஆத்திரத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விழுந்திருந்தது. சித்திரை போய் ஆவணியும் போனது, யார் மேலும் கை விழவில்லை. ஒரு வேளைகூட உட்காராமல் இருந்ததில்லை. மழையில் உட்கார்ந்தான், காய்ச்சலில் உட்கார்ந்தான், சின்னசேலம் ரயிலடியில் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தான். கமலா மூலமாக அதெல்லாம் பெரியநாயகி காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் மறியல் வந்தது. வேலையிலும் படிப்பிலும் ராஜாங்கத்தின் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறிப்பது என்று முடிவாகி, ஊர் ஊராக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு மாடு மேய்த்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாலையை மறிக்க மரம் வேண்டும், மரத்துக்கு ராஜாங்கம் வேண்டும். தங்கமணியும் அவன் தம்பி இளவரசனும் வீட்டுக்கு வந்தார்கள். ராஜாங்கத்துக்கு மச்சான் முறை, ஆனால் வயதில் சின்னவர்கள் என்பதால் மாமா என்றே கூப்பிடுவார்கள்.

"சேலம் ரோட்டுல ஏழு புளியமரம், மாமா. இன்னிக்கே சாயணும்."

ராஜாங்கம் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டான். அவன் வரவில்லை.

"எங்களுக்கு இதுல இன்னா மேஸ்திரி இருக்குது? நாளைக்கு போலீஸ் வந்தா மொத அடி எங்க தெருவுலதான் வுழும்."

அதனால் மறுமுனையை இளவரசன் பிடித்தான். இருபத்தைந்து வயது முறுக்கு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தள்ளு. அறுப்பு கோணலும் மாணலுமாகப் போனது. இருந்தாலும் ஏழு மரமும் விழுந்தன. ஒவ்வொன்றும் விழும்போது ரோட்டில் நின்ற கூட்டம் விசிலடித்தது. ஒரு லாரியின் கண்ணாடியை நொறுக்கினார்கள். மாட்டிக்கொண்ட பஸ் ஒன்றின் டயர் எரிந்து, இரண்டு மைலுக்குக் கரும்புகை நின்றது. டிரைவரை இறக்கி உதைத்தார்கள். ராஜாங்கம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். தடுக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் அவனைக் காவலுக்குப் போட்டார்கள். ரோட்டில் மரம் கிடக்கிறது, போலீஸ் லாரி வந்தால் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் வரமுடியும். ஏரிக்கரை முனையில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லாரி தெரிந்தால் தகர டின்னைத் தட்டவேண்டும். கூட்டம் கலைந்துவிடும். வேலை இவ்வளவுதான்.

ஐந்தரை மணி ஆனது. துண்டில் முடிந்து கொண்டுவந்த டைம்பீஸை எடுத்து எதிரே வைத்தான். இன்றைக்கு ஒரு வேளை விட்டால் என்ன என்று மனசு கேட்டது. ஒரு வேளைகூட விடக்கூடாது என்று பெரியநாயகி சொன்னது அதைவிடப் பெரிதாகக் கேட்டது. காலையிலிருந்து ஒரு ஈ காக்கை அந்தக் கரையில் வரவில்லை. இருபது நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது. கண்ணை மூடினான்.

பாழாய்ப்போன அன்றைக்கென்று பார்த்து மந்திரம் என்றுமில்லாத சுகத்தில் போனது. தூரத்தில் ஏதோ இரைச்சல் கேட்டது. நினைப்பு வந்தால் வரட்டும் என்று கமலா சொல்லியிருந்தாள். இரைச்சலும் வரட்டும் என்று விட்டுவிட்டான். மூன்று லாரி போலீஸ் அவனுக்கு அறுபதடி தூரத்தில், கரைக்குக் கீழே, அவனைத் தாண்டிப் போனது.

முதல் துப்பாக்கிச் சத்தத்தில் துள்ளி எழுந்தான். தலைக்குள் யாரோ கோடாலி போட்டதுபோல் இருந்தது. கால் பட்டு டைம்பீஸ் கல்லில் விழுந்து நின்றுவிட்டது. அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டான். அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரோடு முழுக்கச் செருப்பு, கல், ரத்தம். லத்தியில் மண்டை உடைந்தவர்கள் வரப்பில் கிடந்து அலறினார்கள். ராஜாங்கம் அறுத்த ஐந்தாவது மரத்தின்மேல் குறுக்காகக் கிடந்தான் தங்கமணி. குண்டு நெஞ்சில் பாய்ந்திருந்தது. அவன் பெண்டாட்டி ரங்கம்மாள் மரத்தை அறைந்து அறைந்து அழுதாள். பிணத்தைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது.

அன்று முழுக்க ராஜாங்கம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கண் திறந்திருந்தால் தங்கமணி பிழைத்திருப்பானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. சுட்டவன் அவனில்லை. ஆனால் டின் அவன் மடியில் இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு நெஞ்சு வரவில்லை. சந்தையே பயந்த ஆள், பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் மத்தியானம் இளவரசன் வந்து கதவை உதைத்தான். கண் வீங்கியிருந்தது. பின்னால் நாற்பது பேர், அரிவாள், தடி, மண்ணெண்ணெய் டின்.

"மாமா, ஏரிக்கரை வழிய காட்டிக்குடுத்தது காலனிக்காரனுங்கதான். அவனுங்க தெருதான கரைமேல இருக்குது. உன் ஆளு பொன்னுரங்கம் மரம் அறுக்க வரலன்னு சொன்னான் பாரு, அவன்தான். வா. நீயே வந்து கேளு."

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தான். நடந்தால் வாய் திறக்க வேண்டியதில்லையே.

பதினைந்து வருடம் ஒரே ரம்பம் பிடித்தவன், பொன்னுரங்கம் வீட்டு வாசலை அன்றைக்குத்தான் மிதித்தான். அவன் மிதிக்கும்போது கூரை பற்றி எரிந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கத்தைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். வாயெல்லாம் ரத்தம். அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் எரிகிற வீட்டிலிருந்து ஒரு தவலையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதை உதைத்து உருட்டினார்கள். அடுத்தடுத்து இரண்டு கூரைக்குத் தீ தாவியது. கட்டிப்போட்ட ஆடு ஒன்று கயிற்றோடு கருகியது. இளவரசன் மண்வெட்டிக் காம்பை ஓங்கி, "சொல்றா, எவன்கிட்ட சொன்ன" என்று பொன்னுரங்கத்தின் முட்டியில் அடித்தான். பொன்னுரங்கம் கத்தவில்லை. கூட்டத்தில் ராஜாங்கத்தின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டான், வழக்கமான அடிக்குக் குறுக்குவதுபோல.

அந்தத் தோளைப் பார்த்ததும் ராஜாங்கம் கூட்டத்தை விலக்கினான். முன்னால் போய் நின்றான்.

"அவன் இல்ல. நான்தான்."

"இன்னா மாமா?"

"காவல்ல நான்தான் இருந்தன். கண்ண மூடிக்கினு உக்காந்துட்டன். லாரி வந்தத பாக்கல. டின்ன தட்டல."

"தூங்கிட்டியா?"

"தூங்கல. மந்திரம் சொல்லிக்கினு இருந்தன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தேவிட்டார்கள். ராஜாங்கம் மந்திரம் சொன்னான் என்றால் யார்தான் நம்புவது. மடியிலிருந்து டைம்பீஸை எடுத்துத் தரையில் வைத்தான். கண்ணாடி உடைந்து, முள் ஐந்தே முக்காலில் நின்றிருந்தது. சிரிப்பு நின்றது. இளவரசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காம்பை ஓங்கினான்.

ராஜாங்கத்தின் கை யோசிக்கவில்லை. வந்த காம்பின் முனையை அந்தரத்தில் பிடித்துவிட்டது. ஒரு முனை இளவரசனிடம், ஒரு முனை அவனிடம். ஒரே ஒரு இழுப்பு போதும். தம்பி குப்புற விழுவான், பிறகு கொடுவாள் இருக்கிறது. நாற்பது பேரும் அதைத்தான் எதிர்பார்த்து ஓரடி பின்வாங்கினார்கள். அந்த நேரத்தில் மந்திரம் வந்து அவனைக் காப்பாற்றியது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். மந்திரமும் வரவில்லை, சாந்தமும் வரவில்லை. கொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கையில் ஒரு பிடி, எதிரே ஒருவன் இழுக்கிறான். இந்த நிலை அந்தக் கைக்குத் தெரிந்த நிலை. இழுக்கிறவன் இழுக்கட்டும் என்று விட்டது.

விட்ட காம்பு திரும்பி வந்து அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு ஒடிந்தது தெருக்கோடி வரை கேட்டதாகச் சொல்வார்கள். அடுத்த அடி விலாவில். அடுத்தது முதுகில். கொடுவாளை இடது கையால் எடுத்துத் தள்ளி எறிந்தான். அப்புறம் எத்தனை பேர் அடித்தார்கள் என்று எண்ணிக்கை இல்லை. ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. திருப்பி அடிக்காதவனை அடிப்பது அவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. இளவரசன் காம்பைப் போட்டுவிட்டு, "அண்ணன கொன்னுட்டியே மாமா" என்று நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்தது. மூன்று வீடு எரிந்து முடிந்திருந்தது.

குஞ்சம்மாள் வந்து அவன் தலைமாட்டில் நின்றாள்.

"உண்மைய வூடு எரியறதுக்கு முன்ன சொல்லக் கூடாதா? பொறவு சொல்றதுக்கு இன்னா பேரு?"

அவள் கேட்டதில் ஒரு எழுத்து தப்பில்லை.

பஸ் ஓடவில்லை. மறியல் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. மூங்கில் சிம்பு வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, மறுநாள் காலை கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனான். கூட வர அவன் சொந்தத்தில் யாரும் முன்வரவில்லை. முட்டி வீங்கி நொண்டிக்கொண்டே பொன்னுரங்கம்தான் வந்தான். அவனுக்கும் ஆஸ்பத்திரி வேண்டியிருந்தது. வழியில் ஏழு மரம். தானே அறுத்துப் போட்ட ஏழு மரத்தையும் ஒற்றைக் கையால் ஏறி இறங்கிக் கடந்தான் ராஜாங்கம். ஒவ்வொன்றிலும் விலா எலும்பு குத்தியது. பொன்னுரங்கம் கடைசி மரத்தில் மட்டும் அறுப்பு முகத்தைத் தடவிப் பார்த்தான். அலை அலையாக, கோணலாக இருந்தது.

"தள்ளித் தள்ளி அறுத்திருக்கீங்க" என்றான். வழி முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கோணலாகக் கட்டிய எலும்பை மறுபடி இழுத்து நேராக்கினார்கள். வார்டு முழுக்க மண்டை உடைந்தவர்களும் குண்டடி பட்டவர்களும். கமலா வந்தாள். ராஜாங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இனிமே உக்காரமாட்டன்ம்மா. அது ஒரு உசுர வாங்கிடுச்சி."

"காவலுக்கு நிக்கறப்ப செய்யக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள் கமலா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். "ஒரு வேள வுட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியிருக்கணும். நீங்க இப்படிப் பிடிச்சிக்குவீங்கன்னு எனக்குத் தோணல."

அவள் பின்னால் பெரியநாயகி நின்றிருந்தாள். கமலா நகர்ந்ததும் வந்து, வலது காது அவன் பக்கம் இருக்கும்படி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"கைய தூக்குனியா?"

"காம்ப புடிச்சன். அப்பறம் வுட்டுட்டன்."

"ஏன் வுட்ட?"

"தெரில."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் பெரியநாயகி இளகிவிடுகிற ரகம் இல்லை.

"ஒடிஞ்ச கை அடிக்காம இருக்கறது பெரிய விசயமில்ல. பொங்கல்னு சொன்னத தள்ளி வைக்கறன். கை கூடட்டும். கூடின கை இன்னா பண்ணுதுன்னு ஆறு மாசம் பாக்கறன். அப்பறம் வரன். உக்கார்றதும் உக்காராததும் உன் இஷ்டம். நான் இனிமே அதச் சொல்லமாட்டன்."

கை கூட மார்கழி ஆனது. மணிக்கட்டு லேசாகக் கோணலாகவே நின்றுவிட்டது. ராஜாங்கம் மறுபடி உட்கார ஆரம்பித்தான், காலையில் மட்டும். சாயங்காலம் கண்ணை மூடினால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்றான். நினைப்பு வந்தால் வரட்டும் என்பது அதற்கும் சேர்த்துத்தானா என்று அவன் கமலாவைக் கேட்கவில்லை. ரங்கம்மாள் வீட்டுக்கு மாதம் ஒருநாள் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வந்தான். வா என்றும் அவள் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பொன்னுரங்கத்தின் வீட்டுக்கு உத்தரம் அறுத்தான். அந்த மரத்தை அறுக்க மறுமுனையைப் பிடித்தவன் பொன்னுரங்கமேதான். குஞ்சம்மாள் மட்டும் அவனிடம் கடைசிவரை பேசவில்லை. இளவரசன் தெருவில் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்புவான். ராஜாங்கத்தின் கழுத்து சிவக்கும். நடந்துபோய்விடுவான்.

மறு வருடம் ஆனி மாதம். காட்டு வேலையிலிருந்து நான்கு மணிக்குத் திரும்பியவன் வீட்டில் புகை எழுவதைப் பார்த்தான். காலனி எரிந்த நாள் ஞாபகம் வந்து நடையை எட்டிப் போட்டான். பிறகு அது அடுப்புப் புகை என்று தெரிந்தது.

உள்ளே பெரியநாயகி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பூனையை விரட்டிவிட்டுத் தரையை மெழுகியிருந்தாள். வாசலுக்கு இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்காத காது அவன் பக்கம். அவன் ரம்பத்தைச் சுவரில் சாய்த்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிய சத்தமும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் அரிசி களைந்தாள்.

ராஜாங்கம் அப்படியே நின்றான். திரும்பி வெளியே போய், பானைத் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினான். பிறகு உள்ளே வந்து, அவளைச் சுற்றிப்போய், வலது பக்கம் நின்று கூப்பிட்டான்.